அது பழைய பேப்பர் இல்லை, அண்ணாச்சி

முதல் பதிப்புப் புத்தகங்களைப் பற்றி நான் பேச வந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். வராதவர்களும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். எனக்கே மூன்று குழுக்களிலிருந்து வந்து சேர்ந்தது, சிரிக்கிற பொம்மைகளோடு. பேசாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

"முதல் பதிப்பு சேக்கிறவன்லாம் வாசகன் இல்லவே, பழைய பேப்பர் யாவாரி" என்றார் அந்த அண்ணாச்சி. கை தட்டினீர்கள். மேசையில் நான் வைத்திருந்த புத்தகத்தைத் தூக்கி, எடை பார்க்கிற மாதிரி ஆட்டிக் காட்டினார். அதற்கும் கை தட்டினீர்கள். நூறு வருடம் தாண்டிய தாள் அது. முதுகு ஏற்கெனவே விட்டுப்போயிருக்கிறது. என் மகள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் ஆட்டிக் காட்டியது என்ன புத்தகம் என்று யாராவது கேட்டீர்களா? வ.உ.சி.யின் 'அகமே புறம்'. 1914ஆம் வருடத்துப் பதிப்பு.

1908இல் அவரைப் பிடித்துக்கொண்டு போனபோது இந்தத் திருநெல்வேலியே எரிந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர் என்று சிறை. செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் தொழில் செய்கிற உரிமமான சன்னதும் இல்லை. சென்னையில் போய் உட்கார்ந்து பிழைப்புக்கு வழி தேடிய அந்த மனிதர் அச்சுக்குக் கொடுத்தது, ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூல் ஒன்றின் தமிழாக்கம். உன் உள்ளம் எப்படியோ அப்படியே உன் வெளியுலகம் என்று சொல்கிற புத்தகம். ஆலனின் இன்னொரு நூல், வ.உ.சி.யின் தமிழில் 'மனம்போல வாழ்வு' என்று 1909இலேயே வந்துவிட்டது. அப்போது இவர் சிறையில் இருக்கிறார். எல்லாம் பிடுங்கப்பட்ட ஒருவர் தன்னைத் திரும்பக் கட்டி எழுப்பிக்கொண்ட காலத்துப் புத்தகங்கள் இவை.

இப்போது கடையில் கிடைப்பதில் அட்டையில் கப்பல் இருக்கும், 'கப்பலோட்டிய தமிழன்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அந்தப் பட்டம் பின்னால் வந்தது. 1914இல் அந்தப் பட்டமும் கிடையாது, சிலையும் கிடையாது. சிறையிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு மனிதர் மட்டும்தான் இருந்தார். என் கையில் இருக்கிற பிரதியில் இருப்பவர் அவர். இதைத்தான் நான் மேடையில் சொல்ல வந்தேன். முதல் பதிப்பு சாட்சி. பெயர் வருவதற்கு முன்னால் அந்த ஆள் எப்படி நின்றார் என்பதற்குச் சாட்சி.

"அதான் நெட்ல ஓசியிலயே கெடக்கே" என்று ஒரு தம்பி பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார். கிடைக்கிறது தம்பி, நானும் இறக்கி வைத்திருக்கிறேன். ஆனால் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று பார்த்தீர்களா?

என் அப்பா பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். பெட்டியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோப்பார். ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சாகிற பக்கங்கள், ஓடி முடிந்ததும் எழுத்தையெல்லாம் பிரித்துத் திரும்பவும் பெட்டியில் போட்டுவிடுவார்கள், அடுத்த வேலைக்கு ஈயம் வேண்டுமே. சாயங்காலம் நான் டிபன் பாத்திரம் வாங்கப் போவேன். வெந்நீரில் கழுவினாலும் அவர் விரல் நுனியில் அந்தக் கறுப்பு போகாது. ஒருநாள், நேற்று கோத்த பக்கம் எங்கே என்று கேட்டேன். "கலைச்சுப் போட்டாச்சுல. திரும்பக் கோத்தா அது வேற பக்கம்" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். முதல் பதிப்பு என்றால் என்ன என்று அதைவிடத் தெளிவாக இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. மறுபடி கோக்கிறபோது ஒரு வரி விடுபடும், ஒரு சொல் மாறும். சில சமயம் தெரியாமல் மாறும். சில சமயம் தெரிந்தே மாற்றுவார்கள்.

தெரிந்தே மாற்றியதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. இடையன்குடியில் இருந்துகொண்டு கால்டுவெல் பாதிரியார் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். 1856இல் முதல் பதிப்பு, 1875இல் அவரே திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு. 1891இல் அவர் இறந்துபோனார். 1913இல் வேறு இருவர் பதிப்பித்து மூன்றாவது வந்தது, அதில் பல பகுதிகள் இல்லை. பறையர்கள் திராவிடர்களா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு அவர் எழுதிய பின்னிணைப்பும் இல்லை. யார் நம்மவர் என்று பேசுகிற பக்கத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள்! பின்னால் வந்த மறுபதிப்புகள் பெரும்பாலும் அந்த 1913ஐ வைத்தே வந்தன. 2008இல் கவிதாசரண் பதிப்பகம் 1875 பதிப்பை முழுசாக அச்சிட்டபோதுதான் நம்மில் பலருக்கு அந்தப் பக்கங்கள் கண்ணில் பட்டன. எங்கோ யாரோ பழைய பிரதியை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் அது நடந்தது. அவரும் பேப்பர் வியாபாரிதானா அண்ணாச்சி?

இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்கிறவர்களுக்கு அங்கேயிருந்தே ஒன்று சொல்கிறேன். 1925இல் அமெரிக்காவில் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' தெரியும்தானே. ஏழை விவசாயி மகன் பெயரை மாற்றிக்கொண்டு வேறு ஆளாகிற கதை. அதன் முதல் அச்சு மேலுறையின் பின்பக்கத்தில், கதாநாயகனின் பெயரில் முதல் எழுத்தையே சிறிய எழுத்தாகப் போட்டுவிட்டார்கள். பிறகு ஆட்கள் உட்கார்ந்து கையால் திருத்தினார்கள். தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவனுக்கு, அந்தப் பெயரே தப்பாக அச்சாகி இன்னொருத்தர் பேனாவால் சரியாகியிருக்கிறது. இது கதைக்குள் இல்லை. அந்தப் பிரதியில் மட்டும்தான் இருக்கிறது. அந்த உறைக்காக அங்கே கொட்டுகிற பணம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் பாவத்தை என் தலையில் ஏன் வைக்கிறீர்கள்?

நான் மாதச் சம்பளக்காரன். டவுனில் பழைய புத்தகக் கட்டுக்கு நடுவில் கிடந்த இந்த 'அகமே புறம்' பிரதியை 300 ரூபாய்க்கு வாங்கினேன். விற்கவில்லை, விற்கவும் மாட்டேன். படிச்சியா என்று மேடையில் கேட்டாரே, படித்தேன். அப்பா இறந்த வருடம் இரண்டு தடவை படித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

ஆனால் இன்னொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை காட்டலாம் என்று கொண்டுபோனேன், காட்ட விடவில்லை. அந்தப் பிரதியின் முன்பக்கத்தில் முதலில் வைத்திருந்தவர் தன் பெயரை எழுதியிருக்கிறார். நல்ல கறுப்பு மை, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம். அந்தப் பட்டத்தை மட்டும் ஊதா மையால் குறுக்கே அடித்திருக்கிறது. கீழே வெறும் பெயர் மட்டும் மறுபடி எழுதி, 1931 என்று வருடம் போட்டிருக்கிறார். கையெழுத்து ஒன்றேதான், கொஞ்சம் வயதாகியிருக்கிறது. செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடவேண்டும் என்று தீர்மானம் போட்டது 1929இல். அதைக் கேட்டுத்தான் அடித்தாரா, வீட்டில் சண்டை போட்டு அடித்தாரா, யாருக்குத் தெரியும். அடித்த இடத்தில் பேனா அழுந்தித் தாள் லேசாகக் கிழிந்திருக்கிறது. விரலை வைத்தால் தெரியும். இது எந்த ஸ்கேனில் வரும்? எந்த மறுபதிப்பில் வரும்?

அந்தப் பக்கத்தைத்தான் நீங்கள் எல்லோரும் சேர்ந்து எடை போட்டுச் சிரித்தீர்கள்.

என்னைச் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் கடைசிப் பக்கம் ஒன்று தையலிலிருந்து கழன்று கிடக்கிறது. மகள்தான் மெல்லிய காகிதத்துக்கு நடுவில் வைத்து மூடினாள், ஒன்றும் பேசவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் வேண்டும் என்று பொறுப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். புத்தகத்தைக் கொண்டுவருகிறேன், அண்ணாச்சியும் வரட்டும், கையைத் துடைத்துவிட்டு அந்த முன்பக்கத்தை அவரே திறந்து பார்க்கட்டும். திங்கட்கிழமை அனுப்பியது. பார்த்துவிட்டார் என்று நீல டிக் காட்டுகிறது, பதில் இன்னும் வரவில்லை.