பெஞ்சில் உட்கார வைத்தது யார்?

நேற்று நம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் (ஐந்து பேர் அணியாக ஆடும் கணினி விளையாட்டு) ரசிகர் குழுவில் வந்த அந்த மீமை நானும் பார்த்தேன். கொரியாவின் டி1 அணியை விட்டு ஹன்வா அணிக்குப் போன குமாயூசி துரோகியாம். அவன் முகத்துக்கு எட்டப்பன் மீசை, கையில் ஹன்வாவின் ஆரஞ்சு நிறப் பணமூட்டை, கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. போட்டவர் நமக்கெல்லாம் வேண்டியவர்தான், பெயர் சொல்லப் போவதில்லை. சிரித்தவர்களில் பாதிப் பேர் 2025 நவம்பர் ஒன்பதாம் தேதி, டி1 உலகக் கோப்பை ஜெயித்த அன்று, ‘குமா தெய்வமே’ என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்கள். ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. போட மாட்டேன்.

எனக்கு ஒரே கேள்விதான். முதலில் யார் யாரைக் கைவிட்டது?

2025 எப்படித் தொடங்கியது என்று மறந்துவிட்டதா? 2023, 2024 என்று இரண்டு வருடம் தொடர்ந்து உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஏடிசி (தூரத்தில் நின்று சுடும் இடத்து வீரன்). எல்சிகே கோப்பை (கொரிய லீக்கின் வருடத் தொடக்கப் போட்டி) நடந்துகொண்டிருக்கும்போதே அவனை எழுப்பிவிட்டு ஸ்மாஷ் என்ற புதுப் பையனை உட்கார வைத்தார்கள். ஏப்ரலில் பெரிய சீசன் தொடங்கியபோதும் ஸ்மாஷ்தான். சில வாரம் கழித்துத்தான் இவனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அப்போது டி1 நிர்வாகத்துக்கு யாராவது மீசை வரைந்தீர்களா? ‘போட்டி இருந்தாதான் ஃபார்ம் வரும் ப்ரோ’ என்றீர்கள். அதுவும் இருக்கிறது, ஸ்க்ரீன்ஷாட்.

சரி, திரும்ப வந்தவன் என்ன செய்தான்? கொரியாவின் நான்காவது அணியாகத் தட்டுத் தடுமாறி உலகக் கோப்பைக்குப் போனார்கள். பெய்ஜிங்கில் சீன அணி ஐஜியிடம் தோற்றிருந்தால், ஸ்விஸ் என்ற முதல் கட்டச் சுற்றுக்கு முன்பே மூட்டை கட்டியிருப்பார்கள். ஸ்விஸ்ஸில் மூன்று வெற்றி, இரண்டு தோல்வி, கடைசி ஆட்டத்தில்தான் தப்பித்தார்கள். காலிறுதியில் ஏஎல் அணியோடு ஐந்து ஆட்டம். அரையிறுதியில் டாப் எஸ்போர்ட்ஸை 3-0. செங்டு இறுதியில் இன்னொரு கொரிய அணியான கேடி 2-1 என்று முன்னால் போனபோது இதே குழுவில் ‘முடிஞ்சது’ என்று எழுதியவர் யார் என்றும் எனக்குத் தெரியும். கடைசியில் 3-2. தொடர்ந்து மூன்று உலகக் கோப்பை, இதுவரை எந்த அணியும் செய்யாதது. டி1இன் மூத்த நட்சத்திரம் ஃபேக்கருக்கு ஆறாவது. இறுதி ஆட்டத்தின் எம்விபி (சிறந்த வீரர்) யார்? பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்.

அப்புறம் ஒப்பந்தம் முடிந்தது. ஹன்வாவுக்குப் போனான். அவ்வளவுதான் நடந்தது.

உனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று கேட்பீர்கள். ஐடியில் இருப்பவர்களுக்குப் பெஞ்ச் என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். நான் நாலு மாதம் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வருடம் இழுத்துப் பிடித்த ப்ராஜெக்டில் என் இடத்தைப் புதிதாக வந்த பையனுக்குக் கொடுத்துவிட்டு ‘உன் நல்லதுக்குத்தான்’ என்றார்கள். தினமும் ஒன்பது மணிக்குப் போய், கான்டீன் ஓரத்து மேஜையில் யாரும் பார்க்காத பயிற்சி வீடியோவை ஓட விட்டுவிட்டு, ஆறு மணிக்குக் கேப் ஏறுவேன். பழைய டீம் சாப்பிடப் போகும்போது என் மேஜைப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போவார்கள். பிறகு க்ளையன்ட் கத்தினார், என்னைக் கூப்பிட்டார்கள், ரிலீஸ் போனது, கேக் வெட்டினார்கள். கேக்கில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அடுத்த மாதம் பேப்பர் போட்டேன். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: ‘உனக்கு இவ்வளவு செஞ்சிருக்கோமே?’

அந்தக் கேள்விதான் நேற்று மீமாக வந்தது.

இப்போது கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். ‘பணத்துக்குத்தான் போனான்.’ அவன் சம்பளச் சீட்டைப் பார்த்தவர் போலப் பேசுகிறீர்கள். ஏன் போனான் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். பணத்துக்கே போயிருக்கட்டும், அதனால் என்ன? நீங்கள் எல்லாம் சேவைக்கா வேலை பார்க்கிறீர்கள்?

‘ஃபேக்கரையே 2020இல் உட்கார வைத்து க்ளோசரை இறக்கினார்கள், அவர் போனாரா? 2029 வரைக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.’ நல்ல கேள்வி. ஆனால் அதே 2020இல்தான் ஃபேக்கர் டி1இல் பங்குதாரர் ஆனார். சொந்த வீட்டுத் திண்ணையில் உட்காருவதும், வாடகை வீட்டு வாசலில் பாத்திரம் பண்டத்தோடு நிற்பதும் ஒன்றா? ஃபேக்கரை நான் குறை சொல்லவில்லை. சொன்னால் என் வீட்டுக்கே ஆள் வரும்.

‘ஜீயஸ் போய் என்ன கிழித்தான்?’ 2024 கடைசியில் டி1இலிருந்து ஹன்வாவுக்குப் போனவன், அடுத்த நாலைந்து மாதத்தில் எல்சிகே கோப்பை, ஃபர்ஸ்ட் ஸ்டாண்ட் என்ற சர்வதேசக் கோப்பை இரண்டையும் வாங்கினான். விடுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் குத்தியது, ஒத்துக்கொள்கிறேன். தம்பி ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார்: ‘அண்ணா, குமாவே டெடி இடத்தில்தானே உள்ளே வந்தான்? அப்போ டெடிக்காக எழுதினீங்களா?’ எழுதவில்லை. 2021இல் டெடி பாதி ஆட்டம் வெளியே உட்கார்ந்திருந்தபோது ‘புது ரத்தம் வேண்டும்’ என்று நானே சொல்லியிருக்கிறேன். ஸ்மாஷுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும்தான், அந்தப் பையன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனாலும் தம்பி, அந்த வருடக் கடைசியில் டெடியும் வேறு அணிக்குப் போனார், அவரை யாரும் எட்டப்பன் என்று சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது அதுதான். வேறெதுவும் இல்லை.

உங்களுக்கெல்லாம் இது ஜெர்சி மாற்றம். எனக்கு டி1இன் அந்தப் பழைய ஐந்து பேர் வேறு. 2022 வசந்த சீசன் லீக்கில் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் 18-0. அந்த வருட உலகக் கோப்பை இறுதி சான் பிரான்சிஸ்கோவில், இங்கே விடிந்தும் விடியாத நேரம். எதிரணி அடித்துக்கொண்டிருந்த ‘பேரன்’ (Baron) என்ற ராட்சத விலங்கைக் குமா, வேரஸ் என்ற வில்லாளியின் அம்பால் கடைசி அடி அடித்துத் திருடியதும் என்னையும் மீறிக் கத்திவிட்டேன், ‘பேரனைத் திருடிட்டான்!’ பால் பாக்கெட் எடுக்க வந்த அம்மா பதறிப்போய், ‘யாரோட பேரனைடா?’ என்றார். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சண்டை வந்துவிட்டது. அந்த இறுதியில் எதிரணி டிஆர்எக்ஸ் 3-2 என்று ஜெயித்தது. டி1இன் கேரியா மேடையில் குலுங்கிக் குலுங்கி அழுதான். அம்மா காப்பியை வைத்துவிட்டு ‘அந்தத் திருடுற பையன் தோத்துட்டானா?’ என்று கேட்டார். இன்றைக்கும் அவருக்கு அவன் பெயர் திருடுற பையன்தான்.

அடுத்த வருடம், 2023 நவம்பர் 19. நாடே அகமதாபாத் கிரிக்கெட் இறுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சோபா ஓரத்தில் ஒரு காதில் இயர்போனோடு நான் சியோலில் நடந்த லீக் உலகக் கோப்பை இறுதியில் இருந்தேன். கூடத்தில் விக்கெட் விழுந்து மாமா தலையில் கை வைக்கிறார், என் கையில் போனில் டி1 சீன அணி வெய்போவை 3-0 என்று துவைக்கிறது. சிரிப்பை அடக்க முடியாமல் மொட்டை மாடிக்கு ஓடினேன். அங்கிருந்து நான் போன் பண்ணிய ஒரே ஆள் யார் தெரியுமா? நேற்று மீசை வரைந்தாரே, அவர்தான். அன்றைக்கு இரண்டு பேரும் பேச முடியாமல் சிரித்தோம்.

ஜீயஸ் இடத்துக்கு வந்த டோரானையும் இப்படித்தான் செய்தீர்கள். 2024 கடைசியில் ஹன்வாவிலிருந்து வந்தபோது ‘கழித்துப் போட்ட சரக்கு’ என்றீர்கள். கோப்பை வந்ததும் புரொஃபைல் படமாக வைத்தீர்கள். குமா இடத்துக்குப் பெய்ஸ் வந்திருக்கிறான். இரண்டு ஆட்டம் தோற்கட்டும், அவனுக்கும் மீசை தயாராக இருக்கும். நீங்கள் அணியின் ரசிகரா, ஜெயிப்பின் ரசிகரா என்று எனக்குப் புரியவே இல்லை. 2022க்கு முன்னால் ஃபேக்கர் பெயரையே கேட்டிராதவர்கள் எனக்கு விசுவாசம் சொல்லித் தருகிறீர்கள்.

குழுவிலிருந்து நேற்று இரவே வெளியே வந்துவிட்டேன். ‘நீயுமா?’ என்று இரண்டு பேர் மெசேஜ் போட்டார்கள். மீசை வரைந்தவர் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் இப்போதும் டி1 ரசிகன்தான், அதில் மாற்றம் இல்லை. கொரியாவிலிருந்து யாராவது வருகிறீர்கள் என்றால் மட்டும் சொல்லுங்கள், ஹன்வா ஜெர்சி ஒன்று வேண்டும், முதுகில் குமா பெயரோடு. சைஸ் எல். வேண்டாம், எக்ஸ்எல்லே எடுங்கள்.