கிராக் போட்ட கடையைப் பற்றிப் புகார் கொடுக்கலாமா?

கீழக்கரையில் ஃபிளெக்ஸ் கடை ஒன்றில் டிசைனராக இருக்கும் தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். "அண்ணே, எங்க கடையில எல்லா சிஸ்டத்துலயும் கோரல், போட்டோஷாப் கிராக்தான். ஓனர் சம்பளத்தை இழுத்தடிக்கிறாரு. புகார் குடுத்தா ரிவார்டு உண்டாமே, குடுத்துரவா?"

இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் தொழில்.

கிராக் என்றால், காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்த திருட்டு நகல். அதைப் போட்டுச் சம்பாதிப்பது தப்பு. ஊரே செய்கிறது என்பதால் அது சரியாகிவிடாது. "ஃபார்மட் பண்ணி, ஓ.எஸ்., ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் போட்டுக் குடுத்துருங்க" என்று ராமநாதபுரத்தில் சர்வசாதாரணமாகக் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் தனி விலை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. நான் போட்டுக் கொடுப்பதில்லை; அதனால் வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்குக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை என்கிறது. அபராதம் 50,000 ரூபாயில் தொடங்கி 2 லட்சம் வரை. தொழிலுக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால், சிறை இல்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. வீட்டில் வைத்துப் பழகுகிற பையனையும் தொழில் நடத்துகிறவரையும் சட்டமே ஒன்றாகப் பார்க்கவில்லை.

ஆனால் புகார் கொடுப்பதற்கு முன் அதன் விளைவையும் யோசிக்க வேண்டும். அதே சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி வாரண்ட் இல்லாமலே நகல்களைப் பறிமுதல் செய்யலாம். நகல் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். அதிலேயேதான் அடுத்த வாரக் கல்யாண ஆல்பமும், கண்ணீர் அஞ்சலி போஸ்டரும், உங்கள் டிசைன்களும் இருக்கின்றன. கடை மூடினால் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் அன்றோடு வேலை போச்சு.

பி.எஸ்.ஏ. என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு, துப்புக் கொடுப்பவர்களுக்குப் பணம் தருவதாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விளம்பரம் செய்தது உண்மை. அந்தப் பணத்துக்காக இறங்காதீர்கள் தம்பி. உங்கள் பிரச்சினை சம்பளம். அதற்குத் தொழிலாளர் துறையில் மனுக் கொடுங்கள். தைரியமாகக் கொடுங்கள், நானும் கூட வருகிறேன். கிராக் விஷயத்தை ஓனரிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கோரலுக்குப் பதில் இன்க்ஸ்கேப், போட்டோஷாப்புக்குப் பதில் ஜிம்ப், ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் என்று இருக்கின்றன; எல்லாம் இலவசம், சட்டப்படியும் சுத்தம். கோரலில் பழகிய கைக்கு முதலில் தடுமாறும், வேலையும் கொஞ்ச நாள் மெதுவாகத்தான் ஓடும். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் என்ற இலவச ஓ.எஸ்.ஸும் சேர்த்தே அரசு கொடுத்தது. அதை அழித்துவிட்டுத்தான் நம் பிள்ளைகள் கிராக் தேடிப் போனார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அப்படியானால் யார் மேலும் புகாரே வேண்டாமா? வேண்டும். கிராக்கை விற்கிறவன் மேல் வேண்டும்.

மண்டபம் பக்கத்துத் தம்பி ஒருவர் விசைப்படகுக் கணக்குக்கு ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறார். இறால், நண்டு, கணவாய் என்று தனித்தனி ரேட்டுப் போட்டு, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவைக் கழித்தால் ஓனர் பங்கும் ஆட்கள் பங்கும் தமிழிலேயே வந்து நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது இவர் ஒவ்வொரு ஓனராகப் போய் என்ன மாற்றம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவார். இந்த மென்பொருளின் லாக்கை உடைத்து, "ஒரிஜினல்" என்று சொல்லி ஒருவன் பாதி விலைக்கு விற்கிறான்.

காசில்லாத மாணவன் போட்டோஷாப்பை நகல் எடுக்கிறான் என்றால், அவன் எப்படியும் அதை வாங்கியிருக்க மாட்டான். அதைத் தயாரிக்கும் அடோபிக்குப் பெரிய நஷ்டமில்லை. இங்கே அப்படியில்லை. விற்ற நகல் ஒவ்வொன்றும், அந்தத் தம்பியிடம் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்த ஒரு படகு ஓனர். தங்கள் 'பேசிக்' என்ற புரோகிராமிங் மென்பொருளைக் காசில்லாமல் நகல் எடுக்கிறார்கள் என்று 1976-இல் பில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதியபோது மைக்ரோசாஃப்டும் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு இருந்த சின்னக் கம்பெனிதான்.

வாங்கின ஓனர்களும் ஏமாந்தவர்கள்தான். அந்த நகலை ஒரு லேப்டாப்பில் பார்த்தேன். முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்லி ஒரு நோட்பேட் ஃபைல் வைத்திருந்தான். ஸ்டாப் என்கிற ரான்சம்வேர் பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக் வழியாகத்தான் பரவியது. உள்ளே புகுந்தால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். ஒரு சீசன் பங்குக் கணக்கு போனால் கரையில் என்ன சண்டை வரும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விற்றவனிடமும் நேரில் போய்ச் சொன்னோம். "முடிஞ்சதைப் பாத்துக்கங்க" என்றான். அந்தத் தம்பியிடம் ஒரிஜினல் கோடு, பில், ஓனர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோ எல்லாம் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறார். சாட்சியாக என் பெயரையும் போடச் சொல்லிவிட்டேன். பாதி விலைக்கு வாங்கின ஓனர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் மேல் புகார் இல்லை. யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று மட்டும் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள்.