பிள்ளை ஃபிராட்டர்னிட்டியில் சேரப் போவதாகச் சொன்னால்

ஆகஸ்ட் பிறந்தால் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸாப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். "பையன் ஃபிராட்டர்னிட்டியில சேரணும்னு சொல்றான், விடலாமா?" பெண்ணைப் பெற்றவர்கள் சொராரிட்டி பற்றிக் கேட்பார்கள். பதில் சொல்பவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "குடிகாரக் கூட்டம், விடாதீங்க" என்பார் ஒருவர். "அங்க சேர்ந்தாத்தான் நாளைக்கு நல்ல வேலைக்கு ஆள் கிடைக்கும்" என்பார் இன்னொருவர். கேட்டவருக்கு இரண்டாலும் பயனில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். இவை கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள். தேசியத் தலைமையகம் எங்கோ இருக்கும், ஒவ்வொரு வளாகத்திலும் ஒரு கிளை இருக்கும். கிளைக்கு சாப்டர் என்று பெயர். பல சாப்டர்களுக்குத் தனி வீடு உண்டு. 'ரஷ்' காலத்தில் புதியவர்கள் போய்ப் பழகுவார்கள், பிடித்தவர்களுக்கு 'பிட்' என்ற அழைப்பு வரும். அதை ஏற்றுக்கொண்டவன் சில வாரங்களுக்கு 'பிளெட்ஜ்'. அதற்கு அப்புறம்தான் முழு உறுப்பினர்.

நான் இவற்றுக்கு எதிரி இல்லை. என் மகளே தெற்காசியப் பெண்களின் சொராரிட்டி ஒன்றில் இருக்கிறாள். முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவந்து கொடுக்க நாலு பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. நம் பிள்ளைகள் இந்தச் சங்கங்களில் சேர்வதும் புதிதல்ல. ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா இரண்டுமே 1998இல் தெற்காசிய மாணவர்கள் தொடங்கியவை. கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, கறுப்பினப் பெண்கள் 1908இல் அங்கேயே தொடங்கிய சொராரிட்டி. அந்த உறவு அரசியலிலும் அவருடன் வந்தது.

ஆனால் சேர்வதற்கும் உறுப்பினர் ஆவதற்கும் நடுவே இருக்கும் அந்தச் சில வாரங்களைப் பற்றித்தான் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்த டிம் பியாஸாவுக்கு வயது 19. 2017 பிப்ரவரி 2ஆம் தேதி, பீட்டா தீட்டா பை வீட்டில் அழைப்பை ஏற்கும் இரவு. புதியவர்களை வரிசையில் நிறுத்தி, குறைந்த நேரத்தில் நிறையக் குடிக்க வைத்தார்கள். டிம் தள்ளாடி அடித்தளப் படிக்கட்டில் விழுந்தான். தலையில் அடி, உள்ளே ரத்தக்கசிவு. வீட்டுக் கேமராக்களில் எல்லாம் பதிவாகியிருந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தும் அவசர உதவி எண்ணான 911க்கு அழைக்கக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆனது. 4ஆம் தேதி அவன் இறந்தான். இதில் ஒவ்வொரு பெற்றோரும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வீட்டில் மதுவுக்கு அனுமதியே கிடையாது. பொறுப்பான பெரியவர் ஒருவரும் அங்கே குடியிருந்தார். விசாரித்துவிட்டு அனுப்பும் எந்த அப்பா அம்மாவும் "நல்ல இடம்" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் க்ரூவர் இறந்தான், வயது 18. கல்லூரிக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. சங்கத்தைப் பற்றிய கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் குடிக்க வேண்டும் என்பது விளையாட்டு. அவன் ரத்தத்தில் இருந்த மது, வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவைப் போல ஆறு மடங்குக்கும் மேல். 2021இல் ஒஹாயோவில் ஸ்டோன் ஃபோல்ட்ஸும் இப்படியே இறந்தான். 'பிக்' எனப்படும், அண்ணன் முறையில் வரும் மூத்த உறுப்பினர் தம்பியான புதியவனுக்கு ஒரு பாட்டில் மது கொடுப்பதும், அவன் அதைக் காலி செய்வதும் அந்த இரவின் வழக்கம்.

"அதெல்லாம் வெள்ளைக்காரப் பசங்களோட ஃபிராட், நம்ம ஆளுங்க அப்படி இல்ல" என்பவர்களுக்கு 2013இல் நடந்ததைச் சொல்கிறேன். பை டெல்டா சை ஆசிய அமெரிக்க மாணவர்களின் சங்கம். நியூயார்க்கின் பருக் கல்லூரியில் முதலாண்டு படித்த மைக்கேல் டெங்கை பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதிக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணைக் கட்டி, முதுகில் பாரம் ஏற்றி, உறைபனிக் குளிரில் நடக்கவிட்டு, திரும்பத் திரும்ப மோதித் தள்ளினார்கள். நினைவு இழந்தவனை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. அவன் பிழைக்கவில்லை. அந்தச் சங்கம் பென்சில்வேனியாவில் பத்தாண்டுகள் இயங்கக்கூடாது என்று 2018இல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ராகிங் என்றால் நமக்குத் தெரியும். 1996இல் நாவரசு கொலை தமிழ்நாட்டையே உலுக்கியது, 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சங்கத்தில் சேர வருபவர்களை இப்படிப் படுத்துவதற்கு இங்கே ஹேஸிங் என்று பெயர். அது ராகிங்கைவிடச் சிக்கலானது என்பது என் எண்ணம். ராகிங்கில் சீனியர் தேடி வந்து கொடுமை செய்கிறான், பிள்ளைக்கு அவன் மேல் வெறுப்பு இருக்கும், வீட்டில் சொல்லிவிடுவான். ஹேஸிங்கில் பிள்ளை அந்தச் சீனியரின் அன்பை விரும்புகிறான். தானாகவே போய் நிற்கிறான். இன்னும் ரெண்டு வாரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொள்கிறான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருப்பார்கள். அதனால் "ஏதாவது பிரச்சினைன்னா என்கிட்ட சொல்லு" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது.

கல்லூரி சொல்லும் என்றும் காத்திருக்காதீர்கள். கல்லூரியில் சேர்ந்ததுமே படிப்புப் பதிவேடுகள் மீதான உரிமை பிள்ளைக்குப் போய்விடும், நீங்கள் கட்டணம் கட்டினாலும் சரி. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர் மது விதியை மீறினால் பெற்றோருக்குத் தெரிவிக்கச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. பழைய பெரிய சொராரிட்டிகளின் வீடுகளில் மதுவுக்கு இடமில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. அதன் விளைவு என்னவென்றால் பார்ட்டி ஃபிராட் வீட்டில் நடக்கும். யாரை உள்ளே விடுவது, கோப்பையில் எதை ஊற்றுவது, எந்த அறைக் கதவைச் சாத்துவது எல்லாமே ஆண்கள் கையில் போய்விடும். மகளிடம் இதை வெட்கப்படாமல் பேசியாக வேண்டும். சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்பும் தோழிகள் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் இரண்டாம் பட்சம்தான். சந்தா சில நூறு டாலரில் தொடங்கி, தெற்கு மாநிலங்களின் பெரிய சொராரிட்டிகளில் செமஸ்டருக்குப் பல ஆயிரம் வரை போகும். அதைவிட முக்கியமானது வழக்கு. அசம்பாவிதம் நடந்து உங்கள் பிள்ளை குற்றம் செய்தவர்கள் பக்கம் நின்றால், தலைமையகம் "விதியை மீறியது அவன்" என்று கைகழுவிவிடலாம். பெற்றோரின் வீட்டுக் காப்பீடு வரை வழக்கு நீண்ட சம்பவங்கள் உண்டு. உங்கள் பிள்ளை பாதிக்கப்படுபவனாகத்தான் இருப்பான் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வருடம் பாட்டிலை நீட்டும் அண்ணன் அவனாகவும் இருக்கலாம்.

நான் மகளிடம் பிளெட்ஜ் வாரங்களுக்கு முன்பே சொன்னவை இவைதான். எந்த நிமிடமும் எழுந்து வந்துவிடலாம், கட்டிய பணம் போனால் போகட்டும், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். யாராவது எழுப்பியும் எழாவிட்டால் தூங்கட்டும் என்று விடாதே, முதலில் 911. போலீஸ் வருமே என்று பயப்படாதே, உதவிக்கு அழைப்பவரையும் மயங்கிக் கிடப்பவரையும் மது வழக்கிலிருந்து காக்கும் சட்டம் பல மாநிலங்களில் இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் எப்படி என்று பார்த்து, பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

சேரும் முன் பார்க்க இப்போது ஓர் ஆவணமும் இருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் சட்டப்படி, ஹேஸிங் செய்ததாக உறுதியான சங்கங்களின் பெயரையும் நடந்ததையும் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பிள்ளை சொல்லும் சாப்டரின் பெயரை அதில் தேடுங்கள். அறிக்கையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் மாணவர் நலன் டீன் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அது எல்லோரும் பார்ப்பதற்கான அறிக்கை, கேட்க உங்கள் பிள்ளையின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.