சுத்த சைவம்னா கோஷர் ஆகிடாது

"நாங்க சுத்த சைவம், தைரியமா சாப்பிட வாங்க." நியூஜெர்சியில் எடிசன், ஹைலண்ட் பார்க் பக்கம் யூத அண்டை வீட்டாரை நம்மவர்கள் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆசாரமானவர் சிரித்து நழுவிவிடுவார். யூத மத உணவு விதிகளுக்கு உட்பட்ட சாப்பாடுதான் 'கோஷர்', அதைத்தான் அவர் தொடுவார். 'ஒட்டாத ஜனம்' என்று நாமும் முடிவுகட்டிவிடுவோம்.

சைவ வீட்டிலும் இடிக்கிற இடங்கள் உண்டு. காலிஃபிளவரையும் கொத்தமல்லியையும் நாம் ஒரு அலசு அலசிச் சட்டியில் போடுவோம். அவர்கள் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற பூச்சி எதுவும் விலக்கு. கடைச் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கலாம். திராட்சை ரசம், ஒயின் வினிகர் எல்லாம் யூதர் கையால் தயாரானதா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், சமைத்தது யார் என்ற கேள்வி. அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த யூதர்) வழக்கத்தில் யூதர் ஒருவர் அடுப்பைப் பற்றவைத்தாலே போதும். செஃபார்டிகள் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த யூதர்) பாத்திரத்தையும் அவரே ஏற்ற வேண்டும் என்பார்கள். நம்ம பாட்டிகளின் மடி ஆசாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியாததா என்ன! நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூவில் தோசைக் கடைகளே கோஷர் சான்றிதழோடு நடந்திருக்கின்றன.

ஆகவே சமைத்துக் குவிக்காதீர்கள். அறுக்காத முழுப் பழம், காகிதத் தட்டு, காகிதக் கோப்பையில் பால் விடாத டீ. பாக்கெட் பண்டம் என்றால் வட்டத்துக்குள் 'யு' போட்ட முத்திரையைப் பாருங்கள். பக்கத்தில் 'டி' இருந்தால் பால் சம்பந்தப்பட்டது. கறி சாப்பிட்டவர் அதைத் தொட மாட்டார். பலருக்கு இடைவெளி 6 மணி நேரம். சூடாகவே கொடுக்க ஆசையா? சீல் வைத்த கோஷர் சாப்பாடு வாங்கி, பிரிக்காமல் இரண்டு சுற்று அலுமினியத் தாள் சுற்றி உங்கள் அவனில் வையுங்கள். பெரும்பாலும் சொதப்புவது இதற்குப் பிறகுதான்: உபசாரமாக நாமே சீலை உடைத்து நம் பீங்கான் தட்டில் பரிமாறுவோம். அதோடு அந்தச் சாப்பாடு போச்சு. சீல் அவர் கையால் உடைய வேண்டும்.

பஸ்கா என்ற யூதப் பண்டிகையின் 8 நாளும் பெருங்காயம்கூட வில்லங்கம். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும், அந்த நாட்களில் அது ஆகாது.

எல்லா யூதரும் இப்படி இல்லை, விலக்கான இறாலைச் சாப்பிடுகிறவரும் உண்டு. ஊகிக்காமல், "உங்க வீட்டு வழக்கம் என்ன?" என்று கேட்டுவிடுவதே மரியாதை. எதிர்பாலினத்தவரிடம் பலர் கை குலுக்க மாட்டார்கள். அங்கே நம்ம வணக்கம் கச்சிதம்.

வெள்ளிக்கிழமை மாலை, சபாத் என்ற வார ஓய்வுநாள் தொடங்கும் நேரத்தில், அவர்கள் வீட்டுக்குப் போகிறீர்களா? சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போதே விளக்கேற்றிவிடுவார்கள், பூ கொண்டுபோனால் அதற்கு முன் கொடுத்துவிடுங்கள். ரொட்டிக்கு முன் கை கழுவிவிட்டு எல்லோரும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் கோபம் என்று நினைக்க வேண்டாம். ஆசி சொல்லி ரொட்டியை வாயில் போடும்வரை பேச்சில்லை. போனைப் பையிலேயே வையுங்கள்.

பாத்ரூம் போய்விட்டு வரும்போது பழக்க தோஷத்தில் லைட்டை அணைத்துவிடாதீர்கள். சபாத்தில் அவர்கள் சுவிட்சைத் தொட மாட்டார்கள், உங்களைப் போடச் சொல்லிக் கேட்கவும் தயங்குவார்கள். சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரிகிறவரை அந்த வீட்டுக்கு இருட்டு பாத்ரூம்தான்.