தேர்வு அளப்பதற்கு மட்டுமல்ல

"தேர்வால் யாரும் கற்றுக்கொள்வதில்லை, திரும்பத் திரும்பப் படித்தாலே போதும்" என்று தேர்வை எதிர்த்து நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள்: மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தபின் அதையே மறுபடி படித்தார்கள்; இன்னொரு பகுதியைப் படித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள், எழுதியதைத் திருத்திக்கூடத் தரவில்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்ததுதான் முன்னால்: அதில் 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: எழுதிப் பார்த்தது 56, படித்தது 42. நினைவுக்கு வராமல் திணறும் பிள்ளை 'எனக்கு மண்டையில் ஏறாது' என்று முடிவுகட்டிவிடுகிறது, அந்தத் திணறலில்தான் பாடம் பதிகிறது என்று நாம் சொல்ல வேண்டாமா? அப்புறம், மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவதுதான் உங்கள் கோபம் என்றால் அது நியாயம். அதற்காகப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.