மின்விசிறி ரெகுலேட்டர் பற்றிய தவறான தகவல்

“மின்விசிறியை எந்த வேகத்தில் ஓட்டினாலும் மின்செலவு ஒன்றுதான், எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு மாறுவது வீண்” என்று ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது சரியன்று.

சுருள்கம்பி மின்தடை கொண்ட பழைய பெட்டி ரெகுலேட்டரிலும் வேகத்தைக் குறைத்தால் மின்னோட்டம் குறைவதால் மொத்த மின்செலவு ஓரளவு குறையவே செய்யும். ஆனால், மின்தடையில் 80 வோல்ட் விழுந்து 0.25 ஆம்பியர் பாய்ந்தால், 20 வாட் வெறும் வெப்பமாக வீணாகிறது. அந்தப் பெட்டி தொட்டால் சுடுவது இதனால்தான். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில், மின்தேக்கி (கெப்பாசிட்டர்) வகையில் இந்த இழப்பு மிக அற்பம். மாறுமின்னோட்டத்தின் ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு பகுதியை மட்டும் கடத்தும் டிரையாக் (மின்னணு ஸ்விட்ச்) வகையிலும் இழப்பு குறைவே, எனினும் அது மெல்லிய இரைச்சலை எழுப்பக்கூடும் என்பதால் மின்தேக்கி வகையே மேல் என்பது என் கருத்து.

செய்தியில் ஓர் உண்மைத் துளி உண்டு: எப்போதும் முழு வேகத்தில் ஓடும் விசிறிக்கு ரெகுலேட்டரை மாற்றுவதால் மிச்சம் ஏதுமில்லை.

ஐயமிருப்போர், மற்ற கருவிகளை அணைத்துவிட்டு, டிஜிட்டல் மின்மானியின் விளக்கு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சிமிட்டுகிறது என்பதை ஒவ்வொரு வேகத்திலும் ஒப்பிட்டு இதைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை மேற்கொண்டு பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.