தோளைச் சரிசெய்யப் போகிற வழியிலேயே தோள் போய்விடுகிறது

இதைக் கொட்டித் தீர்க்காவிட்டால் தூக்கம் வராது. நாள்பட்ட தோள் காயம், சிக்கலான கேஸ், தீவிர பிசியோதெரபி வேண்டும் என்று வெளியூருக்கு அனுப்புகிறார்களே, அந்த ஏற்பாட்டை யோசித்தவர்களில் ஒருவர்கூட வலிக்கிற தோளோடு நீண்ட தூரப் பேருந்தில் ஏறியிருக்க மாட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டே தருகிறேன்.

சிகிச்சை அறையில் என்ன சொல்கிறார்கள்? "தோள் உயரத்துக்கு மேலே எடை தூக்காதீங்க. கையைத் திடீர்னு இழுக்கிற மாதிரி எதுவும் வேண்டாம். ஒரே நிலையில ரொம்ப நேரம் வைக்காதீங்க." சரி, நல்ல அறிவுரைதான். அதைச் சொல்லிவிட்டு என்னை எதில் அனுப்புகிறார்கள்? பையைத் தலைக்கு மேலே இருக்கிற தட்டில் ஏற்ற வேண்டும். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால் எட்டிக் கம்பியைப் பிடிக்க வேண்டும். பிறகு மணிக்கணக்கில் கையை மடியில் வைத்து அசையாமல் உட்கார வேண்டும். செய்யக் கூடாது என்று சொன்ன மூன்றையும் ஒரே டிக்கெட்டில் செய்துவிடலாம்.

பையைத் தூக்க யாரையாவது கேட்கலாமே என்பீர்கள். கேட்கிறேன். மேலும் கீழும் ஒரு பார்வை வரும் பாருங்கள்! கட்டு இல்லை, கையைத் தொங்கவிட்ட தூளி இல்லை, ஆள் பார்க்கத் திடமாக இருக்கிறார், இந்தச் சின்னப் பைக்கு உதவி கேட்கிறாரே என்று. தோள் காயத்தின் சாபம் இதுதான். கை சும்மா தொங்கும்போது ஒன்றுமே தெரியாது. சட்டையைப் பின்னால் செருகும்போதும், கதவை இழுக்கும்போதும், பின் சீட்டில் இருக்கிற பொருளை எடுக்கத் திரும்பும்போதும்தான் உயிர் போகும். அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள்?

இருக்கை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வலது தோள். வலது பக்கம் நடைபாதையாக அமைந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பையால் இடித்துவிட்டுப் போவார்கள். ஜன்னல் பக்கமாக அமைந்தால் வண்டியின் அதிர்வு முழுக்கத் தோளுக்குள் இறங்கும். கார் பிடித்துப் போனால் சீட் பெல்ட் சரியாக அந்தத் தோளின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரயில் பரவாயில்லை, எழுந்து நடக்கலாம். ஆனால் ஓடுகிற ரயிலின் கழிப்பறையில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மற்ற வேலைகளை முடிக்க வேண்டும். எந்தக் கையை எதற்குக் கொடுப்பது என்று அந்த ஆட்டத்தில் முடிவெடுத்துப் பாருங்கள்.

சக்கரம் வைத்த பெட்டி வாங்கு என்றார்கள். வாங்கினேன். அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தால் கை உடம்புக்குப் பின்னால் போய் உள்பக்கமாகத் திரும்பி நிற்கிறது. எனக்கு இருப்பதிலேயே மோசமான நிலை அதுதான். நல்ல கையால் இழுத்தால் இரண்டு நாளில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. நல்ல கை என்று ஒன்று மிச்சம் இருக்கிறதே, அதையும் விட்டுவைக்கவில்லை.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பக்கத்துலயே பிசியோ இல்லையா?" இந்தக் கேள்வியை இன்னும் ஒரு முறை யாராவது கேட்டால் நான் பொறுப்பல்ல.

இருக்கிறார்கள். போயும் பார்த்தாயிற்று. படுக்க வைத்து ஹாட் பேக் வைப்பார்கள். மின்சாரப் பட்டைகளை ஒட்டி மெஷினைப் போட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போவார்கள். மெஷின் சத்தம் போட்டதும் வந்து கழற்றிவிட்டு, கப்பியில் கையை இழுக்கச் சொல்வார்கள், சுவரில் விரல்களை ஏணிபோல ஏற்றச் சொல்வார்கள். அவ்வளவுதான். முழங்கால் வலிக்காரருக்கும் எனக்கும் இடையே மெஷினை ஒட்டுகிற இடம் மட்டும்தான் வித்தியாசம். அவர்களையும் குறை சொல்லி என்ன பயன், ஒருவர் தலையில் பத்துப் பேரைக் கட்டிவைத்தால் வேறு என்ன செய்ய முடியும்?

ஆனால் தோள் அப்படி ஒரே மூட்டாக நினைத்து ஓட்டிவிடுகிற விஷயம் இல்லை. மேல்கை எலும்பின் பந்து உட்காருகிற குழி ஆழமே கிடையாது. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் எளிதில் நழுவவும் செய்கிறது. அந்தப் பந்தை நடுவில் பிடித்து வைப்பது ரொட்டேட்டர் கஃப் எனும் நான்கு சின்னத் தசைகளும் அவற்றின் தசைநார்களும். அதோடு முதுகில் இருக்கிற தோள்பட்டை எலும்பும் கூடவே திரும்ப வேண்டும். கையைத் தலைக்கு மேலே 180 டிகிரி தூக்கினால் அதில் ஏறத்தாழ 120 தோள் மூட்டிலிருந்தும், 60 தோள்பட்டை எலும்பின் அசைவிலிருந்தும் வருகிறது. இது நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. இன்மன் என்ற எலும்பு மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1944லேயே அளந்து எழுதிவிட்டார்கள். காயம் நாள்பட்டுப் போனால் இந்தக் கூட்டணியே கலைந்துவிடும். வலிக்கிற பக்கத்தைக் காப்பாற்றக் கழுத்துத் தசை முந்திக்கொண்டு தோளைக் காதுவரை தூக்கும், தோள்பட்டை எலும்பு கோணலாக நகரும். அதைத் தொட்டுப் பார்த்து, எது முதலில் வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்று கண்டுபிடிக்க அனுபவமுள்ள கை வேண்டும். ஸ்கேன் இதைச் சொல்லாது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது நாம் அசையாமல் படுத்திருக்கிறோம், என் பிரச்சினையோ அசைந்தால்தான் வருகிறது! வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் தசைநார்க் கிழிசல் தெரிவது உண்டு, வயது ஏற ஏற அது சகஜம். ஆகவே ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு "கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு.

அப்படிப்பட்ட கை ஒன்று எங்கோ தொலைவில் கிடைத்தது. அதற்காகத்தான் இந்த அலைச்சல். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை, தங்கமானவர்கள். கோபமெல்லாம் அளவு எடுக்கிற நேரத்தின் மேல்தான்.

இரவெல்லாம் வண்டியில் குலுங்கிவிட்டு, தங்குமிடத்தில் முகம் கழுவிக்கொண்டு நேரே போய் நிற்கிறேன். முதல் வேலையாக, மூட்டு எத்தனை டிகிரி அசைகிறது என்று அளக்கிற கோனியோமீட்டரை எடுக்கிறார்கள். "கையை முன்பக்கமா தூக்குங்க. இப்ப பக்கவாட்டுல. முதுகுக்குப் பின்னால எதுவரை எட்டுது?" எதுவரை எட்டும்? தோள் கல்லாக இறுகிக் கிடக்கிறது. போன முறை கிளம்பும்போது இருந்ததைவிடக் குறைவான எண்தான் வரும். அது கோப்பில் ஏறுகிறது. அளப்பவர் மாறினாலே சில டிகிரி முன்பின் ஆகும், இதில் பயணக் கணக்கு வேறு. அப்புறம் காப்பீட்டு அலுவலகத்தில் என் முகத்தைப் பார்த்தே இராத ஒருவர் இரண்டு எண்களை ஒப்பிட்டு, "முன்னேற்றம் போதுமானதாக இல்லை" என்று எழுதுகிறார். ஐயா, நீங்கள் அளந்தது என் தோளை இல்லை, அந்தச் சாலையை!

இன்னொரு கூத்து. பயிற்சி அதிகமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவர்கள் வைத்திருக்கிற அளவுகோல் எளிமையானது. பயிற்சியால் கூடிய வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரி, இறங்காவிட்டால் குறைக்க வேண்டும். அருமையான விதி, வீட்டில் இருந்து வருகிறவர்களுக்கு. நான் கடைசி நாள் பயிற்சி முடித்த கையோடு வண்டி ஏறுகிறேன். மறுநாள் காலை வலிக்கிறது. பயிற்சியாலா, பையாலா, அடுத்த இருக்கைக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கியதாலா? யாருக்குத் தெரியும்? அவர்கள் பயிற்சியைத்தான் குறைக்கிறார்கள். குறைக்க வேண்டியது பயணத்தை.

தங்குமிடத்துத் தலையணைகளைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். ஒன்று தட்டையாக இருக்கும், இல்லையென்றால் கழுத்தை ஒடிக்கிற உயரத்தில் இருக்கும். துண்டைச் சுருட்டி முழங்கைக்குக் கீழே முட்டுக் கொடுத்துத்தான் தூங்குகிறேன்.

இதற்கு மந்திரம் ஒன்றும் வேண்டாம். தொலைவிலிருந்து வருகிறவருக்கு முதல் நாளில் அளவு எடுக்காதீர்கள், ஒரு இரவு தூங்கவிட்டு எடுங்கள். எத்தனை மணி நேரம் பயணம் செய்து வந்தார் என்று கோப்பில் ஒரு வரி எழுதுங்கள். கைவைத்துச் செய்ய வேண்டியதை நேரில் செய்யுங்கள், கண்ணால் பார்த்தாலே போதும் என்பதை வீடியோ அழைப்பில் பாருங்கள். போன ரிவ்யூவுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் பயணம் செய்து போனேன். "கையைத் தூக்குங்க... ம்... இறக்குங்க. நல்லாத்தான் போகுது, அதே பயிற்சியையே தொடருங்க." முடிந்தது. நாற்காலி சூடாகும் முன்னே எழுந்துவிட்டேன். இதை வீட்டுச் சுவரோரம் நின்று போனில் காட்டியிருக்க மாட்டேனா?

வெளியே வந்தால் வரவேற்பில் அடுத்த தேதியைக் குறிக்கிறார்கள். "காலைல எட்டு மணிக்கெல்லாம் வந்துடுங்க."

எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் நான் முந்தைய நாளே கிளம்ப வேண்டும். பதினொன்று ஆகாதா என்று கேட்டேன்.

"அது லோக்கல் பேஷண்ட்ஸுக்கு ஒதுக்கின நேரம் சார்."